யார் பேரில் டாட் காம்?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. கம்ப்யூட்டர் சென்டர் ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தேன். ஊதுபத்திகூட ஏற்றவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஜெயந்தி உள்ளே வந்தாள்.

"அக்கா, எனக்கு ஒரு வெப்சைட் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"முதல்ல ஹெல்மெட்டைக் கழட்டு. உட்காரு."

"உட்கார நேரமில்லக்கா. பேரு மட்டும் இப்பவே புக் பண்ணிடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

பேரு மட்டும்... இந்த 'மட்டும்' இருக்கிறதே, அதுதான் ஆளைச் சாய்க்கிற வார்த்தை. பிள்ளைக்குப் பெயர் வைக்க நமக்குப் பத்து மாதம் டைம் தருகிறார்கள். ஜோசியரைக் கேட்கிறோம், நாத்தனாரைக் கேட்கிறோம். அப்படியும் முடிவாகாமல் தொட்டில் கட்டிய பிறகும் 'பாப்பா, பாப்பா' என்றே ஒப்பேற்றுகிறோம். வெப்சைட்டுக்கு மட்டும் நின்ற காலில் பெயர் வேண்டும் என்றால் நான் எங்கே போவது?

நான் ஓசூரில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் நடத்துவது இந்தப் பத்திரிகையில் என் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். பயோடேட்டா டைப் அடிப்பது, பில் புக் டிசைன் செய்வது, லீவு நாட்களில் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பது – இதுதான் பிழைப்பு. இப்போது கொஞ்ச நாளாக வெப்சைட்டும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஒரே ஒரு மெஷின் வைத்திருப்பவர்கூட வெப்சைட் கேட்டு வருகிறார். ஏன் என்றால், பெங்களூரில் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் எதற்கும் அதுதான் பதில்.

ஜெயந்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் சாத்தூர் பக்கம். கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள். கணவர் செல்வகுமார் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஃபிட்டர். அந்த வேலையை விட்டுவிட்டு, தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, இரண்டு லேத் போட்டு, 'செல்வா இன்ஜினியரிங் ஒர்க்ஸ்' என்று போர்டு மாட்டினார். வண்டிகளுக்குள்ளே போகிற பின், புஷ் – விரல் நீளத்துக்கு இருக்கும் உலோகத் துண்டுகள் – கடைந்து கொடுக்கிற பட்டறை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், கோயமுத்தூரில் ஒரு பழைய மெஷின் விலைக்கு வருகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று செல்வகுமார் பஸ் ஏறினார்.

திரும்பி வரவில்லை.

கடன் கிடையாது. வீட்டில் சண்டை கிடையாது. வேறு ஏதோ தொடர்பு என்று ஊர் பேசியது. ஊர் எப்போதுதான் பேசவில்லை? போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் போல ஆனபின் ஒரு போன் வந்தது. 'நல்லா இருக்கேன். என்னைத் தேட வேண்டாம்.' அவ்வளவுதான். ஆள் உயிரோடு இருக்கிறார், சுயநினைவோடு பேசுகிறார், நாங்கள் இனி என்னம்மா செய்வது என்று ஸ்டேஷனிலும் கைவிரித்துவிட்டார்கள்.

ஜெயந்தி பட்டறையைப் பூட்டவில்லை. பில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தவள் மைக்ரோமீட்டர் பிடித்து அளக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு லேத்தே ஓட்டினாள். துணைக்கு முனிராஜ் இருந்தார். முதல் நாளிலிருந்து அங்கே இருக்கிற ஆபரேட்டர். பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, டீக்கடையில் கன்னடம், பட்டறையில் தமிழ். செல்வகுமாரின் அம்மா ஆவுடையம்மாள் மகனைத் தேடி சாத்தூரிலிருந்து வந்தவர், மருமகளோடே தங்கிவிட்டார். இவள் பட்டறைக்குப் போனால் அவர் சமையல். அப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது என்ன அவசரம்?

"பெங்களூர் கம்பெனிலேருந்து பர்ச்சேஸ்காரர் வந்தாருக்கா. நம்ம பின்னையெல்லாம் அளந்து பாத்தாரு. திருப்திதான். 'மேடம், வெள்ளிக்கிழமை எங்க வெண்டார் லிஸ்ட் போடுறாங்க, அதுக்குள்ள கம்பெனி மெயில்லேருந்து உங்க புரொஃபைலை அனுப்புங்க'ன்னாரு. என் மெயில் ஐடியைக் குடுத்தேன். சிரிக்கிறாரு. ஓசி மெயிலெல்லாம் எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க, வெப்சைட் இல்லையான்னு கேக்கிறாரு."

"நீ என்ன சொன்ன?"

"ரெடியாயிட்டே இருக்கு சார்னு சொல்லிட்டு நேரா இங்க வர்றேன்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். 'செல்வா இன்ஜினியரிங்' என்று அடித்துப் பார்த்தேன். போய்விட்டது. உலகத்தில் எங்கேயோ இன்னொரு செல்வா நமக்கு முன்னால் எழுந்திருக்கிறார். 'செல்வா ஒர்க்ஸ்'? அதுவும் போச்சு. சரி, ஊர்ப் பெயரைச் சேர்ப்போம் என்றால் அங்கே வேறு தகராறு. தமிழில் ஓசூர். இங்கிலீஷில் எழுதினால் முன்னால் ஒரு எச் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எச் போட்டால் நம்மவர்களுக்குப் பிடிக்காது. போடாவிட்டால் பெங்களூர்க்காரர்களுக்குப் புரியாது.

நடுவில் கோடு போட்டு ஒன்று கிடைத்தது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பெயரையும் போனில் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பேன். எதிர்முனையில் சரியாக எழுதிக்கொண்டால் அது பெயர். இல்லையென்றால் தலைவலி. பட்டறைக்குப் போன் போட்டேன்.

"முனிராஜ், ஒண்ணு சொல்றேன், எழுதிக்கிறீங்களா? செல்வா, ஹைஃபன், ஹோசூர்..."

"நடுவுல யாரு மேடம் அது ஐபன்? புது பார்ட்னரா?"

கோடு வேண்டாம் என்று முடிவானது. பித்தளை, செம்பு புஷ்ஷெல்லாம் செய்கிறார்களே என்று எனக்கு ஒரு யோசனை. செப்பு – எவ்வளவு அழகான வார்த்தை, அதை வைத்து ஒரு பெயர் போட்டால் என்ன என்றேன். முனிராஜ் இன்னும் லைனில்தான் இருந்தார். ரொம்ப மரியாதையாகத் தொண்டையைச் செருமினார்.

"தப்பா எடுத்துக்க வாணாங்க மேடம். தெலுங்குல செப்புன்னா செருப்பு. பெங்களூர்ல பாதிப் பேருக்குத் தெலுங்கு வரும். அரை டசன் ஜோடி அனுப்பு அம்மான்னு கேட்டுருவாங்க."

இது எல்லை ஊர். ஒரு பெயர் மூன்று பாஷைகளில் மானத்தோடு பிழைக்க வேண்டும்.

இப்படியே அது இது என்று தட்டிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பொறுமை போய், கை போன போக்கில் 'ஜெயந்தி' என்று அடித்து, பின்னால் 'பின்ஸ்' சேர்த்தேன். ஸ்கிரீனில் பச்சை எழுத்து. கிடைக்கும்.

"பாரு... உன் பேருல இருக்கு. சின்னதா, கச்சிதமா. போனில சொன்னாலும் குழப்பமில்ல. போட்டுடவா?"

ஜெயந்தி திரையில் தன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் வாரை இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்று எழுந்துவிட்டாள். இவ்வளவு அவசரமாக வந்தவள்...

அவள் வண்டி கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்டது வெப்சைட்டுக்குப் பெயர். அவள் காதில் விழுந்தது வேறு கேள்வி. உன் புருஷன் பேரை எடுத்துவிடலாமா?

மறுநாள் மதியம். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஆவுடையம்மாள் தனியாக வந்தார். அவர் சென்டருக்கு வருவது அதுதான் முதல் தடவை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மானிட்டர்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஜெயந்தி சொல்லிச்சு தாயி. பேரு வைக்கப் போறியளாம்ல."

"ஆமாம்மா. அவதான் யோசிச்சுச் சொல்றேன்னு போயிருக்கா."

"இந்தப் பெட்டியில எழுதிட்டா ஊரு உலகமெல்லாம் தெரியும்ங்குறாவளே, மெய்தானா?"

"தெரியும். யாரு எங்கேருந்து தேடினாலும் பாக்கலாம்."

"பம்பாய்லேருந்து?"

"பாக்கலாம்."

"துபாய்லேருந்து?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்ப எம் மவன் பேரையே போடு தாயி. எங்க இருக்கானோ, என்ன பண்றானோ... ஒரு நாளு இல்லாட்டி ஒரு நாளு அவன் பேரை அவனே தட்டிப் பாக்க மாட்டானா? பட்டறை இருக்கா, மூடிட்டாவளான்னு நெனப்பு வராதா? அவன் பாக்கும்போது அவன் பேரு இல்லேன்னா... சரி, நம்மள மறந்துட்டாவன்னு அப்பிடியே போயிருவாம்ல."

என்ன சொல்வது? அப்படியெல்லாம் யாரும் தட்டிப் பார்க்க மாட்டார்கள் என்றா? எனக்கே தெரியும், எல்லோரும் பார்ப்பார்கள். சென்டருக்கு வருகிற பிள்ளைகள் நெட்டைத் திறந்ததும் முதலில் தேடுவது அவரவர் பெயரைத்தான். நானும் தேடியிருக்கிறேன். நீங்களும் தேடியிருப்பீர்கள்.

"ஜெயந்திகிட்ட நீங்களே சொல்லுங்களேம்மா."

"நான் எப்படித் தாயி சொல்லுவேன்? அது உழைச்சு நான் தின்னுக்கிட்டிருக்கேன்." சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். காபி வேண்டாம் என்றார். பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதன்கிழமை முழுக்க 'ஜெயந்தி பின்ஸ்' இன்னும் இருக்கிறதா என்று அடித்து அடித்துப் பார்த்தேன். நாம் எதைத் தேடுகிறோம் என்று கவனித்து அதை முந்திக்கொண்டு வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்களாம். எங்கோ படித்தது. தேடினால் எவனாவது பார்த்துவிடுவானோ என்று பயம். தேடாவிட்டால் இந்நேரம் போயிருக்குமோ என்று பயம். பேசாமல் நாமே வாங்கிப்போட்டால்? யார் பெயரில்? கோடு போட்டு மாமியார் சொன்ன பெயரிலா, மருமகள் சொல்லாத பெயரிலா?

ஜெயந்திக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர், நான் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கும் ஹாலுக்குமாக நடப்பதைப் பார்த்தார்.

"பேரு அவங்க கம்பெனிக்கு. நீ எதுக்கு நடக்கற?"

நியாயமான கேள்விதான். குழம்பு அடிபிடித்ததற்கும் நியாயம் இருந்தது.

வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் பட்டறைக்கே போனேன்.

தொழிற்பேட்டை ரோட்டில் போகும்போது இரண்டு பக்கமும் போர்டுகளைப் படித்துக்கொண்டே போனேன். தினமும் பார்க்கிற போர்டுகள், அன்றைக்குத்தான் படித்தேன். சாமி பேர் போட்ட பட்டறைகள். அப்பா பேர், மகன் பேர் போட்ட பட்டறைகள். பெண் பெயரே இல்லையா என்றால், இருக்கிறது. விசாரித்தால் முதலாளியின் மகளாக இருக்கும். பாவம், லேத் எந்தப் பக்கம் சுற்றும் என்றுகூட அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. வேலை செய்கிற பெண்ணின் பெயர் போட்ட போர்டு? நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

உள்ளே மெஷின் சத்தம். முனிராஜ்தான் முதலில் பார்த்தார். ஒரு ஸ்டூலைத் துணியால் துடைத்து, "வாங்க மேடம், குந்துங்க" என்று போட்டார். ஜெயந்தி நைட்டியும் அதன்மேல் ஒரு சட்டையுமாக லேத் முன்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்து, இருங்க என்று கையைக் காட்டினாள். அந்தச் சமயம் டேபிளில் இருந்த போன் அடித்தது. மெஷினை நிறுத்திவிட்டு வந்து எடுத்தாள்.

"செல்வா இன்ஜினியரிங்... சார் வெளிய போயிருக்காருங்க. எங்கிட்ட சொல்லுங்க."

எதிர்முனையில் என்னவோ சொன்னார்கள். அளவுகளை எழுதிக்கொண்டாள். எந்தத் தேதிக்குத் தர முடியும் என்று சொன்னாள். வைத்தாள்.

"இன்னும் இப்படித்தான் சொல்றியா?"

"பின்ன எப்படிச் சொல்ல? பொய் இல்லையேக்கா. வெளியதான் போயிருக்கார்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கும் அது ரொம்ப நேரம் நிற்கவில்லை.

"மூணு வருஷமா யாரு போன் பண்ணாலும் இதேதான்க்கா. சார் இருக்காரா... சார் எப்ப வருவாரு... ரேட்டு சார்கிட்டதான் பேசணும். நான் போட்ட ரேட்டு, நான் கடைஞ்ச பின்னு. ஆனா சார்கிட்டதான் பேசணும். அன்னிக்கு உங்க கம்ப்யூட்டர்ல எம் பேரைப் பாத்ததும், இந்த இடத்துல மட்டும் யாரும் சார் இருக்காரான்னு கேக்க மாட்டாங்கன்னு தோணுச்சு. அவ்வளவு ஆசையா இருந்துச்சு. அந்த ஆசை வந்ததும் பயமா ஆயிடுச்சு."

"என்ன பயம்?"

கையில் ஒட்டியிருந்த ஆயிலை வேஸ்ட் துணியில் துடைத்தாள். துடைத்த விரலையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"அவரு பேரை எடுத்தா, இனி வரமாட்டாருன்னு நான் முடிவு பண்ணிட்ட மாதிரி ஆயிடும். எடுக்கலேன்னா, இன்னும் காத்துக்கிட்டு உக்காந்திருக்கிற மாதிரி ஆயிடும். ரெண்டும் நெசம் இல்லக்கா. காலைல எந்திரிச்சா ஒண்ணு தோணுது, சாயந்தரம் ஷெட்டைப் பூட்டும்போது இன்னொண்ணு தோணுது. இதுல ஒரு பேரை எப்படி முடிவு பண்றது?"

சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். சொல்லிவிட்டேன். "உங்க அத்தை சென்டருக்கு வந்தாங்க ஜெயந்தி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆவுடையம்மாள் கேட்டதை அப்படியே சொன்னேன். பம்பாய், துபாய் எல்லாவற்றையும்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே" என்றாள்.

"உங்கிட்ட எப்படிக் கேப்பாங்க?"

முனிராஜ் தன் லேத்தை நிறுத்தியிருந்தார். எதுவும் கேட்காத மாதிரி ஒரு பின்னைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு பொதுவாக யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். "எந்தப் பேரானாலும் நாளைக்கு அனுப்பணும் அம்மா. பெங்களூர் ஆளு காலைலயே ரெண்டு தடவ போன் போட்டாரு."

வெள்ளிக்கிழமை. எங்கள் ஏரியாவில் மதியம் கரன்ட் போகும் முறை. அதற்குள் வந்தால் தேவலை என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஜெயந்தியின் வண்டி வந்து நின்றது. பின்னால் ஆவுடையம்மாள்.

இருவரும் உட்கார்ந்தார்கள். நான் பக்கத்தைத் திறந்து வைத்தேன். 'ஜெயந்தி பின்ஸ்' இன்னும் இருந்தது. ஒரு மூச்சு விட்டேன்.

ஆவுடையம்மாள்தான் ஆரம்பித்தார். வீட்டில் பேச முடியாததைப் பேச அவருக்கு என்னுடைய சென்டர் தேவைப்பட்டது போல.

"ஜெயந்தி... நான் குறுக்க நிக்கேன்னு நெனைக்காத. உம் பேரைப் போடக் கூடாதுன்னு சொல்லல. ஆனா உம் பேரைப் போட்டா, அவன் தேடுனா எப்பிடிக் கெடைக்கும்? அதை மட்டும் சொல்லு."

ஜெயந்தி மாமியாரைப் பார்த்துத் திரும்பினாள். கோபமில்லை. குரலும் உயரவில்லை.

"அவரு தேடுனா எம் பேரைத் தேடட்டும் அத்தே. எம் பேரு அவருக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான் சொன்னாள்.

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டேன். ஆவுடையம்மாள் மருமகளின் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வரவில்லை. ஏதோ ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்து, அது சரியாக வருகிறதே என்று திகைத்தவர் மாதிரி இருந்தார். பிறகு ஜெயந்தியின் முழங்கால் மேல் கையை வைத்தார்.

"போடு தாயி" என்றார். என்னிடம் சொன்னாரா அவளிடம் சொன்னாரா தெரியவில்லை.

அடிக்க ஆரம்பித்தால் அடுத்த குழப்பம். ஜெயந்திக்கு ஜே-க்குப் பிறகு ஏ-வா, ஈ-யா? கடைசியில் டி-க்குப் பின்னால் எச் வேண்டுமா? "பேங்க்ல கையெழுத்து எப்படிப் போடுவ?" என்றேன்.

"தமிழ்லதான் போடுவேன்க்கா."

சிரிக்காமல் என்ன செய்ய? ஏ-வே இருக்கட்டும் என்று விட்டு எச் போட்டுப் பார்த்தோம், அதுவும் கிடைத்தது. ஓசூருக்கே இருக்கும்போது இவளுக்கு ஒன்று கொடுத்தால் என்ன?

என் வீட்டுக்காரரின் கார்டு நம்பரை அடித்து பட்டனைத் தட்டினேன். அந்த நொடியில் கரன்ட் போனது. யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. ஸ்கிரீனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பணம் போய்விட்டதா? பெயர் வந்துவிட்டதா? மறுபடி தட்டினால் இரண்டு தடவை எடுத்துக்கொள்வானா? தட்டாவிட்டால்? இரண்டாவது மானிட்டரை அணைத்தேன், பிரின்டரைப் பிடுங்கினேன், ஃபேனை நிறுத்த ஓடினேன் – கரன்ட் இல்லாமல் ஃபேன் எங்கே ஓடுகிறது? ஜெயந்தி என் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஆவுடையம்மாள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் ஊர்ப் பக்கத்து இருக்கன்குடி அம்மனாக இருக்கும்.

வட்டம் நின்றது. வாழ்த்துகள், இந்தப் பெயர் இனி உங்களுடையது என்று ஒரு வரி வந்தது.

"வந்துருச்சா தாயி?" என்றார் ஆவுடையம்மாள்.

"வந்துருச்சும்மா."

யாரோ பிரசவ வார்டு வாசலில் கேட்ட மாதிரி இருந்தது.

அன்று சாயந்தரமே மெயில் ஐடி உருவாக்கி, கம்பெனி புரொஃபைலை பெங்களூருக்கு அனுப்பினோம். சனி, ஞாயிறு உட்கார்ந்து பக்கத்தையும் முடித்தேன். பில்லும் வரிக் காகிதமும் எல்லாம் பழைய பெயரில் இருப்பதால் உள்ளே 'செல்வா இன்ஜினியரிங் ஒர்க்ஸ்' என்று கொட்டை எழுத்தில்தான் இருக்கிறது. அதைப் படித்துக் காட்டச் சொல்லி ஆவுடையம்மாள் கேட்டுக்கொண்டார். ஷெட் வாசலில் இருக்கிற போர்டும் அப்படியே. அதைக் கழற்றுவது பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வெப்சைட் முகவரி மட்டும் ஜெயந்தி பெயரில்.

போன வாரம் பெங்களூரிலிருந்து டிரையல் ஆர்டர் வந்துவிட்டது. அந்த பர்ச்சேஸ்காரர் வெப்சைட்டைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை ஒரு வார்த்தை நல்லாயிருக்கு என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் போன் பண்ணியபோது, "ஜெயந்தி மேடம் இருக்காங்களா?" என்று கேட்டாராம். ஜெயந்தி இதை எனக்குச் சொன்னபோது சும்மா தகவல் போலத்தான் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள்.

பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டுகிற கவுன்ட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்கடைக்குப் போகும் வழியில் ஆவுடையம்மாள் சென்டருக்குள் எட்டிப் பார்க்கிறார். "கூடியிருக்கா தாயி?" கூடியிருக்கும்மா என்கிறேன். எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்று அது காட்டாது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படியும் அந்த நம்பரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். அதில் பாதி நான் திறந்து திறந்து பார்த்ததால் ஏறியது. இதை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை.

இதை எழுதட்டுமா என்று ஜெயந்தியிடம் கேட்டேன். வேண்டுமானால் பெயரை மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"எதுக்குக்கா மாத்தணும்? நம்ம பேருதானே" என்றாள்.

முனிராஜுக்குத்தான் ஒரு சந்தேகம். "ஒரு தடவ வாங்கிட்டா ஆயுசுக்கும் நம்மதா மேடம்?" இல்லை, வருஷா வருஷம் ரினியூ பண்ண வேண்டும், மறந்தால் போய்விடும் என்றேன்.

காத்திருப்பதற்கு அந்தத் தொல்லை இல்லை. அது தானாகவே ரினியூ ஆகிக்கொள்கிறது.